கூட்டுக் கலைக்கூடத்தில் சேரலாமா? அச்சோவியக் கலைஞர் ஒருவருக்கு வழக்கறிஞரின் பதில்

கடிதச் சுருக்கம்

கடிதம் எழுதியவர் அச்சோவியக் கலைஞர். செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மை ஏற்றி, ஈரத்தாளில் அச்செடுக்கும் முறையைக் கல்லூரியில் கற்றவர். படிப்பு முடிந்ததும் கல்லூரியின் பெரிய அச்சு இயந்திரம் அவருக்கு எட்டாமற்போனது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொடுத்த சிறிய கையச்சு இயந்திரத்தை வீட்டின் பின்னறையில் வைத்துக்கொண்டு, அலுவலக வேலை போக எஞ்சிய நேரத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் தனியே வேலை செய்து வருகிறார். பெரிய தகடுகளை அதில் அச்செடுக்க முடியவில்லை; பார்த்துக் கருத்துச் சொல்லவும் பக்கத்தில் ஆள் இல்லை.

பதினான்கு கலைஞர்கள் சேர்ந்து நடத்தும் கலைக்கூடம் ஒன்று இப்போது இவரை அழைத்திருக்கிறது. பழைய தொழிற்சாலைக் கட்டடம். வாடகை ஒப்பந்தம் நிறுவனர்களில் ஒருவர் பெயரில் இருக்கிறது. மாதப் பங்குத்தொகை, சேரும்போது ஆறு மாதப் பங்குத்தொகைக்குச் சமமான சேர்க்கைத் தொகை, மாதம் எட்டு மணிநேரம் பொதுவேலை, அச்செடுக்கும் ஒவ்வொரு பதிப்பிலும் (ஒரே தகட்டிலிருந்து எண்ணிட்டு எடுக்கும் படிகளின் தொகுதி) ஒரு படி கலைக்கூடத்துக்கு, பார்வையாளர்களுக்காகக் கூடத்தைத் திறந்துவைக்கும் 'திறந்த நாள்களில்' விற்றால் விலையில் ஐந்தில் ஒரு பங்கு, முதல் மூன்று மாதம் சோதனைக் காலம்: இவையே நிபந்தனைகள். எதுவும் ஒப்பந்தமாக எழுதப்படவில்லை. எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. "நாங்கள் குடும்பம் மாதிரி" என்று சொல்லியிருக்கிறார்கள். இவருடைய சிறிய இயந்திரத்தையும் கொண்டுவந்து பொதுப் பயன்பாட்டுக்கு வைத்தால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டிருக்கிறார்கள்.

சேரலாமா, எழுத்தில் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களா, ஒரு படியைக் கொடுத்தால் படைப்பின் உரிமையும் போய்விடுமா, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக அங்கே இருக்கலாமா என்று கேட்கிறார். சொந்த இயந்திரம் இருக்கும்போது வாடகை எதற்கு என்பது அவருடைய அக்காவின் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

சேருங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் நீங்கள் வகுத்திருக்கும் வரிசையில் சேராதீர்கள். முதலில் சேர்க்கைத் தொகையைக் கட்டுவது, அடுத்த வாரமே இயந்திரத்தைக் கொண்டுபோய் இறக்குவது, பிறகு மூன்று மாதம் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் சோதனைக் காலம் அவர்கள் உங்களைச் சோதிப்பதற்கு மட்டுமே பயன்படும். பணமும் இயந்திரமும் அங்கே போய்விட்ட பிறகு நீங்கள் அவர்களைச் சோதிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. உங்கள் கடிதத்தில் உள்ளே போவதைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. வெளியே வருவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கூட்டுக் கலைக்கூடங்களைப் பற்றி வழக்கறிஞர்களிடம் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை வெளியேறும் நாளில்தான் தொடங்குகின்றன என்பதால், இந்தப் பதில் முழுவதும் அந்தப் பக்கத்திலிருந்தே எழுதப்படுகிறது.

உங்கள் அக்காவின் கேள்வி நியாயமானது. ஆனாலும் உங்கள் துறைக்கு அது பொருந்தாது. ஓவியருக்கு ஒரு சுவரும் வெளிச்சமும் போதும். அச்சோவியருக்கு மிகக் கனமான இயந்திரம், காற்றோட்டமுள்ள அமில அறை, தாள் நனைக்கும் தொட்டி, படிகளை உலர்த்தும் அடுக்குகள் எல்லாம் வேண்டும். இவற்றில் எதையும் ஒருவர் நாள் முழுவதும் பயன்படுத்துவதில்லை. அதனால்தான் இந்தக் கலையில் கூடி வேலை செய்வது நெடுநாள் வழக்கமாக இருக்கிறது. ஆங்கிலேய அச்சோவியரான ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் 1927-இல் பாரிஸில் தொடங்கிய பட்டறை, பின்னர் 'அத்தெலியே 17' என்று பெயர் பெற்று, பல நாட்டுக் கலைஞர்கள் ஒரே இயந்திரத்தைச் சுற்றி நின்று கற்ற இடமாயிற்று. ஒரே தகட்டிலிருந்து பல வண்ணங்களை ஒரே அச்சில் எடுக்கும் முறை அங்கேதான் உருவானது. அதை வளர்த்தவர்களில் இந்திய அச்சோவியர் கிருஷ்ணா ரெட்டியும் ஒருவர். மைகளின் பாகுத்தன்மையை மாற்றி மாற்றிப் பார்க்கும் அந்தச் சோதனைகள் ஒருவர் பின்னறையில் தனியாக இருந்து செய்யக்கூடியவை அல்ல. எனவே உங்கள் ஆசையில் தவறில்லை.

கலைஞர்கள் நடத்தும் இடங்களில் எவை நிலைத்தன என்பதையும் ஒரு வழக்கறிஞராகப் பார்க்கிறேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில், கலைஞர்கள் கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டு நிலத்தையே வாங்கினார்கள். ஓவியர்களான பிரிட்ஜெட் ரைலியும் பீட்டர் செட்ஜ்லியும் 1968-இல் லண்டனில் தொடங்கிய 'ஸ்பேஸ்' என்ற அமைப்பு, கைவிடப்பட்ட துறைமுகக் கிடங்கு ஒன்றைக் குறுகிய காலத்துக்கு எடுத்துக் கலைக்கூடமாக்கியது. துறைமுகப் பகுதி மறுசீரமைப்புக்குப் போனபோது அந்தக் கிடங்கைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஆனாலும் அமைப்பு அழியவில்லை. வேறு கட்டடங்களை எடுத்து இன்றுவரை நடக்கிறது. முன்னதற்கு நிலம் இருந்தது. பின்னதற்கு, நிலம் இல்லாவிட்டாலும், தனிமனிதர்களைச் சாராத ஓர் அமைப்பு இருந்தது. உங்களை அழைத்திருக்கும் கலைக்கூடத்துக்கு இன்றைய நிலையில் இரண்டுமே இல்லை. வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்கிறது. மற்றவை ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன. இது அவர்களுடைய நல்லெண்ணத்தின் மீது நான் சொல்லும் குறையன்று. பெரும்பாலான கூடங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்?

"மாதாமாதம் பணம் கொடுக்கிறேன், ஆகவே நான் வாடகைதாரர், திடீரென்று வெளியேற்ற முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓர் இடத்தைப் பிறர் நுழையாதபடி தனியே அனுபவிக்கும் உரிமை உள்ளவரையே வாடகைதாரர் என்று பல நாடுகளின் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. எல்லோரும் நடமாடும் கூடத்தில் ஒரு மேசையும் ஓர் அலமாரியும் உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தரப்பட்ட அனுமதியாகவே கருதப்படும். அனுமதியைத் திரும்பப் பெறுவது எளிது. மேலும் அந்த அனுமதி, பிரதான வாடகைதாரரான நிறுவனரின் உரிமையிலிருந்து கிளைத்தது. அவருடைய ஒப்பந்தம் முடிந்தாலோ, அவர் வாடகை கட்டத் தவறினாலோ, ஊரை விட்டுப் போனாலோ, பொதுவாக உங்கள் அனுமதியும் அதோடு முடியும். கட்டட உரிமையாளரின் சம்மதமில்லாமல் அவர் பதினான்கு பேரை உள்ளே அமர்த்தியிருந்தால், அதுவே ஒப்பந்த மீறலாகி எல்லோரையும் வெளியேற்றக் காரணமாகலாம்.

எனவே மூல வாடகை ஒப்பந்தத்தைப் பார்க்கக் கேளுங்கள். இன்னும் எத்தனை காலம் மீதி இருக்கிறது, எந்தப் பயன்பாட்டுக்காகக் கட்டடம் கொடுக்கப்பட்டிருக்கிறது, பிறரோடு பகிர்ந்துகொள்ள எழுத்தில் சம்மதம் உண்டா, காலி செய்யச் சொல்ல எவ்வளவு முன்னறிவிப்பு என்பவை தெரிந்தால் போதும். வாடகைத் தொகையை மறைத்துக்கொண்டு காட்டினாலும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டத்தில் செலவு என்ன என்பதை மறைப்பது எனக்கு உவப்பான வழக்கமல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தச் சிக்கலைத் தீர்க்க, "எல்லோரும் சேர்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம்" என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். பதினைந்து பேரில் ஒருவரானால் உங்கள் பொறுப்பும் பதினைந்தில் ஒரு பங்குதான் என்று நினைக்கிறீர்கள். கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால், உரிமையாளர் முழு பாக்கியையும் உங்கள் ஒருவரிடமே வசூலிக்க முடியும். மற்ற பதினான்கு பேரிடமிருந்து அதைத் திரும்பப் பெறுவது உங்கள் பாடு. நிலையான சம்பளம் உள்ளவர் நீங்கள் என்பதால், வசூலிக்க வருபவர் முதலில் தட்டப்போவது உங்கள் கதவாகவே இருக்கும். கலைக்கூடத்தைச் சங்கமாகவோ கூட்டுறவாகவோ இலாப நோக்கற்ற நிறுவனமாகவோ பதிவு செய்து, அதன் பெயருக்கு ஒப்பந்தத்தை மாற்றுவதே முறையான தீர்வு. புதிதாக வருபவர் முதல் நாளே அதை வலியுறுத்த முடியாது. அப்படி ஓர் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டு வைக்கலாம்.

சேர்க்கைத் தொகை எந்த வகைப் பணம்?

ஆறு மாதப் பங்குத்தொகைக்குச் சமமான பணம் "பெரிய இயந்திரத்துக்காக" வாங்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விலகும்போது அது திரும்பி வரும் என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறீர்கள். அவர்கள் அப்படிச் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. முன்பணமாகக் கொடுத்தால், சேதமும் பாக்கியும் கழித்து மீதி திரும்ப வேண்டும். கட்டணமாகக் கொடுத்தால் திரும்பாது. நன்கொடையாகக் கொடுத்தாலும் திரும்பாது. இயந்திரத்தில் பங்காகக் கொடுத்தால், நீங்கள் அதன் கூட்டு உரிமையாளர். விலகும்போது அன்றைய மதிப்பில் உங்கள் பங்கைக் கேட்கலாம், ஆனால் அதுவரை பழுதுபார்க்கும் செலவிலும் பங்கேற்க வேண்டும். எதுவானாலும் தவறில்லை. எது என்று இரு தரப்பும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்க வேண்டும், பற்றுச்சீட்டில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். முன்பு விலகியவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். அந்தப் பதில், இனி எழுதப்போகும் எந்த விதியையும்விட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

உங்கள் இயந்திரம்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். பணம் போனால் மீண்டும் சேர்க்கலாம். ஆசிரியர் கையிலிருந்து வந்த இயந்திரத்துக்கு மாற்று கிடைக்காது. ஆனால் அதைப் பற்றி நீங்கள் ஒரே வாக்கியத்தில், "பொதுவாக வைத்துவிடலாம் என்றிருக்கிறேன்" என்று கடந்துபோகிறீர்கள்.

பொதுவாக வைப்பது என்றால் என்ன? கொடுத்துவிடுவதா, பயன்படுத்த இரவலாகத் தருவதா? உங்கள் மனதில் இரண்டாவதுதான் இருக்கிறது என்பது தெரிகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து, சிலர் விலகிச் சிலர் புதிதாக வந்த பிறகு, அது யாருடையது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியாது. உருளையை மாற்றியவர் ஒருவர், அச்செடுக்கும்போது தாளின் மேல் விரிக்கும் கம்பளிப் போர்வைகளை வாங்கிப் போட்டவர் இன்னொருவர், துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டவர் மற்றொருவர் என்று ஆளுக்கொரு உரிமை வளர்ந்திருக்கும். அப்போது "இது என்னுடையது" என்று நீங்கள் எடுத்துப்போனால், கூடத்தின் சொத்தைக் கொண்டுபோனதாகவே அவர்களுக்குத் தோன்றும். அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வாடகை பாக்கி இருந்தால், கட்டடத்துக்குள் இருக்கும் பொருள்களைப் பிடித்து வைக்கச் சில நாடுகளின் சட்டம் உரிமையாளருக்கு அதிகாரம் தருகிறது. அதிகாரம் இல்லாத இடங்களிலும், கதவைப் பூட்டிவிட்ட உரிமையாளரிடம் "உள்ளே இருக்கும் இயந்திரம் மட்டும் என்னுடையது" என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். எதைக் காட்டுவீர்கள்? ஆசிரியர் வாய்மொழியாகத்தான் கொடுத்தார் என்றால், அவர் நலமாக இருக்கும்போதே ஒரு தாளில் தேதியுடன் எழுதி, இன்ன இயந்திரத்தை இன்னாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இயந்திரத்தை எல்லாப் பக்கமும் படமெடுத்து வையுங்கள். உற்பத்தி எண் பொறிக்கப்பட்டிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, கலைக்கூடத்துடன் ஒரு பக்க இரவல் ஒப்பந்தம் போதும். இயந்திரம் உங்களுடையது, இன்ன காலம் வரை உறுப்பினர்கள் பயன்படுத்தலாம், பயன்படுத்தத் தெரிந்தவர்களின் பெயர்கள் இவை, சாதாரணத் தேய்மானத்துக்குக் கூடம் செலவு செய்யும், அப்படிச் செய்வதால் உரிமை மாறாது, உடைத்தவர் சரிசெய்து தர வேண்டும், இத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். கூடவே, இயந்திரத்தைக் கொடுப்பதற்காக உங்கள் பங்குத்தொகையில் ஏதாவது குறைக்க வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்படாதீர்கள். மறுத்தாலும் நட்டமில்லை, நீங்கள் கொண்டுவருவதற்கு மதிப்பு உண்டு என்பது அன்றைய பேச்சிலேயே பதிவாகிவிடும்.

ஒரு படியும் பதிப்புரிமையும்

ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு படியைக் கேட்பது உங்களைச் சுரண்டுவதற்கான தந்திரமோ என்று அஞ்சுகிறீர்கள். அச்சோவியப் பட்டறைகளில் ஆவணத்துக்காக ஒரு படியை வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு படி கைமாறுவது ஒரு பொருள் கைமாறுவது மட்டுமே. படைப்பின் பதிப்புரிமை, நீங்கள் எழுத்தில் மாற்றிக் கொடுத்தாலன்றி, உங்களிடமே இருக்கும். இலக்கிய, கலைப் படைப்புகளைக் காக்கும் 1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், இந்த உரிமை பதிவு எதுவும் இல்லாமலே படைப்பு உருவானதும் கிடைக்கிறது. படைத்தவர் வாழ்நாளும் அதன் பின் குறைந்தது 50 ஆண்டுகளும் நீடிக்கிறது. படைத்தவர் என்று அறியப்படும் உரிமையும், தம் புகழுக்கு ஊறு செய்யும் வகையில் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் 1928-இல் அந்த உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டன. கலைக்கூடத்துக்குக் கொடுத்த படியை அவர்கள் சுவரில் மாட்டலாம். அதைப் படமெடுத்து நாட்காட்டி அச்சிட்டு விற்க உங்கள் அனுமதி வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. அந்தப் படி பதிப்பின் எண்ணிக்கைக்குள் வருமா, வெளியே வருமா? இருபது படிகள் என்று எண்ணிட்டு விற்கும்போது, கலைக்கூடத்தின் படியை 'ஆவணப் படி' என்று குறித்துத் தனியே வைப்பதே வாங்குபவருக்கு நேர்மையானது. கூடம் அதை விற்கலாமா? விற்கக் கூடாது, அல்லது விற்றால் இன்ன பங்கு உங்களுக்கு என்று முடிவாக வேண்டும். கூடம் கலைந்தால் அந்தப் படிகள் எங்கே போகும்? பலரும் இதை யோசிப்பதேயில்லை. தகடு யாரிடம் இருக்கும் என்பதையும் தெளிவாக்குங்கள். தகடு உங்கள் அலமாரியில், உங்கள் பூட்டுக்குள் இருக்க வேண்டும்; பதிப்பு முடிந்ததும் மேலும் படிகள் எடுக்க முடியாதபடி அதன் குறுக்கே கோடு கீறி ரத்து செய்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

சக உறுப்பினர் ஒருவர் உங்கள் தகட்டுக்கு மை ஏற்றி அச்செடுத்துக் கொடுத்தால் அவரும் கூட்டுப் படைப்பாளி ஆகிவிடுவாரா என்ற ஐயம் தேவையற்றது. உங்கள் சொற்படி கைத்திறனைக் கொடுப்பவர் பொதுவாகப் படைப்பாளி ஆகமாட்டார். ஆனால் வண்ணத்தையும் அடுக்கையும் அவரே தேர்ந்தெடுத்துப் படத்தின் உருவத்தை மாற்றினால் நிலைமை வேறு. அப்படி வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், தொடங்கும் அன்றே இருவர் பெயரும் எப்படி வரும், வருமானம் எப்படிப் பிரியும் என்று இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

அமிலம், எண்ணெய்த் துணி, இரவுத் தங்கல்

பெரிய தகடு அமிலத்தில் கிடக்கும் நாள்களில் அங்கேயே தங்கிவிடலாம், பலரும் அப்படிச் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மட்டும் என் பதில் கண்டிப்பானது: தங்காதீர்கள். தங்குவதற்கு அனுமதி பெறாத கட்டடத்தில் படுத்து உறங்குவது வாடகை ஒப்பந்தத்தையும் காப்பீட்டையும் ஒருங்கே குலைக்கக்கூடும். அதைவிட முக்கியமாக, உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவின் ஓக்லண்டில், கலைஞர்கள் வேலைசெய்யவும் வசிக்கவும் பயன்படுத்திய 'கோஸ்ட் ஷிப்' என்ற கிடங்கில், 2016 டிசம்பர் 2 அன்று ஓர் இசை நிகழ்ச்சியின்போது தீப்பற்றி 36 பேர் இறந்தார்கள். வசிப்பதற்கோ நிகழ்ச்சி நடத்துவதற்கோ அந்தக் கட்டடத்துக்கு அனுமதி இல்லை. அதன் பிரதான வாடகைதாரர் மீது குற்றவழக்கு நடந்தது. 2021-இல் 36 மரணங்களுக்கும் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தம் பெயரில் வாடகை ஒப்பந்தத்தை வைத்திருக்கும் உங்கள் நிறுவனர் இந்தச் செய்தியை அறிந்திருந்தால், பலர் இரவில் தங்குவதை இத்தனை எளிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

உங்கள் துறையின் ஆபத்துகள் உங்களுக்குத் தெரியும். எனினும் தனியே வேலை செய்பவர் தம் பழக்கத்தை மட்டும் பார்த்தால் போதும், கூடத்தில் பதினான்கு பேருடைய பழக்கத்தையும் பார்க்க வேண்டும். நைட்ரிக் அமிலம் செம்பை அரிக்கும்போது எழும் பழுப்பு நிற வாயு நுரையீரலைப் பாதிக்கிறது. பாதிப்பு பல மணிநேரம் கழித்துக்கூட வெளிப்படலாம். ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பின் கரைசலில் அந்த வாயு எழாது என்பதால் பல பட்டறைகள் அதற்கு மாறிவிட்டன. ஆனால் செம்பு கரைந்த அந்தக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. நிழல் தோற்றத்துக்காகத் தகட்டில் தூவும் ரோசின் என்ற மரப்பிசின் பொடி, காற்றில் மிதக்கும்போது ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆளிவிதை எண்ணெய் மையைத் துடைத்த துணிகளைக் குவித்துப் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது உண்டாகும் வெப்பத்தாலேயே, வெளியிலிருந்து நெருப்பு எதுவும் இல்லாமல், அவை பற்றிக்கொள்ளும். மூடியுள்ள உலோகக் கலத்தில் போட்டு அன்றாடம் அகற்ற வேண்டும். முதல் தடவை போகும்போது அந்தக் கலம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியேறும் வழி இரண்டு இருக்கின்றனவா, அவற்றின் முன்னால் பழைய சட்டங்களும் பெட்டிகளும் அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இதைப் பார்க்கச் சட்டப்படிப்பு தேவையில்லை.

காப்பீட்டைப் பற்றி ஒரே சொல்: கட்டட உரிமையாளரின் காப்பீடு கட்டடத்துக்கானது. உங்கள் தகடுகள், படிகள், இயந்திரம், திறந்த நாளில் வந்து வழுக்கி விழும் பார்வையாளர் ஆகிய எதையும் அது பொதுவாகக் காக்காது. கூடத்துக்குத் தனிக் காப்பீடு இருக்கிறதா, அதில் அமில வேலை நடப்பது சொல்லப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி, எழுத்தில் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்ற தயக்கம். குடும்பம் மாதிரி என்று அவர்கள் சொன்னது உங்களை வாயடைக்க வைத்திருக்கிறது. பாகப்பிரிவினை வழக்குகள் எல்லாமே குடும்பங்களுக்குள்தான் நடக்கின்றன என்பதை நீதிமன்றத்துக்குப் போய்வருபவன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன். ஆனாலும் முத்திரைத்தாளோடு போய் நிற்க வேண்டாம். இயந்திரத்தைச் சாக்காக வைத்துத் தொடங்குங்கள்: "இது என் ஆசிரியர் கொடுத்தது, ஆகவே இதற்கு ஒரு தாளில் விவரம் எழுதிவைக்க விரும்புகிறேன், அதிலேயே மற்ற ஏற்பாடுகளையும் குறித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் யாருக்கும் உறுத்தாது. நேரில் பேசி முடித்ததும், "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டவை இவை, தவறிருந்தால் திருத்துங்கள்" என்று நிறுவனருக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். அவர் அளிக்கும் பதில், ஒப்பந்தம் எழுதப்படும்வரை உங்களுக்கு ஓரளவு சான்றாக நிற்கும். குழுவில் போடும் செய்திகள் அடுத்த நாள் நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடும்; அவற்றை நம்பாதீர்கள்.

அந்தத் தாளில் நான் கட்டாயம் பார்க்க விரும்புவது விலக்கல் விதி. ஒரு உறுப்பினரை யார், எந்தக் காரணத்துக்காக, அவர் தரப்பைக் கேட்ட பிறகா கேட்காமலா நீக்கலாம் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். தலைவர் இல்லாத இடம் என்று நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். எழுதப்பட்ட விதி இல்லாத இடத்தில் முதலில் வந்தவர்களின் விருப்பமே விதியாகிவிடும். நிறுவனரின் நண்பர் மீது, தகாத நடத்தை உட்பட, உங்களுக்கு ஒரு முறையீடு இருந்தால் அதை யாரிடம் கொண்டுபோவீர்கள் என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது. மாதம் எட்டு மணிநேரப் பொதுவேலை அதிகமில்லை. ஆனால் கணக்கு வைப்பதும் கடிதம் எழுதுவதும் அதில் சேருமா, அல்லது பெருக்கித் துடைப்பது மட்டும்தானா, செய்யாதவர்களுக்கு என்ன ஆகிறது என்று கேளுங்கள். அலுவலக அனுபவம் உள்ள புதியவர்மீது கணக்குப் புத்தகத்தைச் சுமத்திவிட்டு மற்றவர்கள் தத்தம் மேசைக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு மிகையல்ல. கூடத்துக்கு வெளியே, உங்கள் முயற்சியில் விற்பதற்கும் அது கேட்கப்படுமா என்பதை மட்டும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

வேலையை விடுவது பற்றி: இப்போது வேண்டாம். இது சட்டத்தைச் சார்ந்த பதில் அல்ல, ஆனால் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ஒன்பது ஆண்டுகள் தனிமையில் இருந்தவருக்குக் கூட்டத்தின் முதல் மாதங்கள் மிக இனிமையாக இருக்கும். அந்த இனிமையில் எடுக்கும் முடிவைக் கூடத்தின் வருமானம் தாங்காது. வார இறுதியிலும் மாலையிலும் போய்வந்து ஒரு பதிப்பை முடித்து விற்றுப் பார்த்த பிறகு அதைப் பற்றி யோசியுங்கள்.

ஆக, இந்த வாரம் ஆசிரியரைப் பார்த்து அன்பளிப்புக் கடிதத்தை வாங்குங்கள். அடுத்து, கலைக்கூடத்துக்குப் போய் மூல ஒப்பந்தத்தைப் பார்த்து, மேலே சொன்னவற்றைப் பேசுங்கள். சோதனைக் காலத்துக்கு மாதப் பங்குத்தொகையை மட்டும் கொடுத்து, சேர்க்கைத் தொகையை அது முடிந்த பின் தருவதாகச் சொல்லுங்கள். இயந்திரம் அதுவரை உங்கள் பின்னறையிலேயே இருக்கட்டும். மூன்று மாதம் முடிந்து இரு தரப்புக்கும் சம்மதம் என்றால், ஒப்பந்தத் தாளை உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். வாடகைச் சட்டமும் சங்கப் பதிவுச் சட்டமும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. இந்த வரிசைக்கு அவர்கள் இணங்காவிட்டால் உறவை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. உறுப்பினர் அல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் பெரிய இயந்திரத்தை வாடகைக்கு விடும் வழக்கம் பல அச்சோவியக் கூடங்களில் உண்டு. அப்படி ஓர் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பெரிய தகடுகளுக்கு அதுவே இப்போதைக்குப் போதுமானதாக இருக்கலாம்.